நின்றுவிட்ட எலெக்ட்ரான்

சராசரி மனிதன் என்று ஒருவன் இருப்பதாகச் சர்க்கார் அறிக்கைகள் சொல்லுகின்றன. அவனுக்கு மாதம் இவ்வளவு வருமானம், இத்தனை கிலோ அரிசி, இரண்டேகால் குழந்தை என்று கணக்கும் தருகின்றன. இருபது வருஷமாகக் கதை எழுதி வருகிற நான் இன்னும் அவனைச் சந்திக்கவில்லை. சந்தித்தாலும் அவனை வைத்துக்கொண்டு கதை எழுத முடியுமா என்பது சந்தேகந்தான். முழுக் குழந்தைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் கால் குழந்தையை எந்த அத்தியாயத்தில் உட்கார வைப்பது?

கதைக்காரனுக்கும் கணக்குக்காரனுக்கும் உள்ள இந்தத் தகராறு மிகப் பழையது. ஆனால் இதே தகராறு பௌதிக சாஸ்திரத்துக்குள்ளேயும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே வழக்கு எலெக்ட்ரானைப் பற்றியது. தீர்ப்பு 1958-ல் எழுதப்பட்டது. அதை எடுத்துப் படித்துப் பார்க்கவே மற்றவர்களுக்குப் பல வருஷம் பிடித்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். சூத்திரங்களுக்குப் பயந்து யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எனக்கும் அவற்றுக்கும் அவ்வளவாக ஆகாது.

1897-ல் ஜே. ஜே. தாம்ஸன் கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். மூன்றே வருஷத்தில், 1900-ல், பால் ட்ரூடே என்ற ஜெர்மானியர் உலோகத்தில் மின்சாரம் ஓடுவதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். செம்புக் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள், தேரோட்டக் கூட்டத்தில் அகப்பட்ட பையன்களைப்போல, அணுக்களின்மேல் முட்டி மோதிக்கொண்டு நகருகின்றன. அந்த மோதல்தான் மின்தடை என்றார் அவர். எளிமையான சித்திரம். பல விஷயங்களுக்கு அது சரியாகவும் இருந்தது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சரியாக வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சாதாரண உஷ்ணத்திலேயே செம்புக்குள் ஓர் எலெக்ட்ரான் நூறு அணுக்களுக்கு மேல் தாண்டிப்போன பிறகுதான் ஒரு தடவை மோதுகிறது என்று தெரிந்தது. சுத்தமான உலோகத்தைக் கடுங்குளிரில் வைத்தால் அந்தத் தூரம் இன்னும் பல மடங்கு பெருகியது. தோளோடு தோள் நெருக்கி நிற்கிற அணுக்களுக்கு நடுவே அது எப்படி அவ்வளவு தூரம் இடிபடாமல் போகிறது?

பதில் சொன்னவர் பெலிக்ஸ் பிளாக். ஸ்விட்ஸர்லாந்துக்காரர். 1928-ல் லைப்ஸிக் நகரத்தில் ஹைஸன்பர்கிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த 22 வயசு வாலிபர். புதிதாக வந்திருந்த குவாண்டம் சாஸ்திரத்தின்படி எலெக்ட்ரான் ஓர் அலை. அணுக்கள் பிசகில்லாமல் சம இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால், அந்த அலை அவற்றின் தாளத்துக்கு இசைந்து கொடுத்து, சிறிதும் சிதறாமல் ஊடுருவிப் போய்விடும் என்று பிளாக் காட்டினார். ஒழுங்கு பூரணமாக இருந்தால் தடையே இல்லை. ஒழுங்கு பிசகும்போதுதான் தடை வருகிறது. உஷ்ணத்தால் அணுக்கள் ஆடுவது ஒரு பிசகு, அந்நிய அணு ஒன்று நடுவில் வந்து குந்திக்கொள்வது இன்னொரு பிசகு.

அடுத்த முப்பது வருஷம் இந்தச் சாஸ்திரத்துக்கு நல்ல காலம். 1931-ல் ஆலன் வில்ஸன் என்ற ஆங்கிலேயர் பிளாக்கின் கருத்தைக் கொண்டே உலோகம் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது, வைரம் ஏன் கடத்துவதில்லை, இரண்டுக்கும் நடுவே அரைக்கடத்திகள் எப்படி நிற்கின்றன என்று விளக்கினார். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. எல்லாம் படிகத்தின் ஒழுங்கை நம்பிக் கட்டிய மாளிகை.

ஆனால் உலகத்தில் படிக ஒழுங்கோடு இருப்பவை எத்தனை? சமையலறையில் இருக்கிற பித்தளைச் சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. அணுக்கள் நிற்கும் இடங்கள் ஒழுங்கானவைதாம். எந்த இடத்தில் செம்பு, எந்த இடத்தில் துத்தநாகம் என்பதில் ஒழுங்கே கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் இடங்களுக்கே ஒழுங்கு இல்லை. இவற்றுக்குள் அகப்பட்ட எலெக்ட்ரானை என்ன செய்வது?

சாஸ்திரக்காரர்கள் சர்க்கார் செய்ததையே செய்தார்கள். சராசரி எடுத்தார்கள். 1931-ல் லோதார் நோர்ட்ஹைம் காட்டிய வழி இதுதான்: 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை என்றால், ஒவ்வோர் இடத்திலும் 70 சதவிகிதம் செம்பாகவும் 30 சதவிகிதம் துத்தநாகமாகவும் உள்ள ஒரு கற்பனை அணுவை நிறுத்திவிடுவது. எல்லா அணுவும் ஒன்றுபோல ஆகிவிட்டதால் ஒழுங்கு திரும்பி வந்துவிடும். பிளாக்கின் தேற்றத்தை மறுபடி பிரயோகிக்கலாம். நம்முடைய கால் குழந்தையின் அண்ணன் இந்த அணு.

மிச்சமிருந்த பிசகுகளுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. பிசகு இருக்கிற இடத்தில் எலெக்ட்ரான் இடறும், இடறித் திசை மாறும், மறுபடி இடறும். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் நடை அது. தள்ளாடுகிறவன் மெதுவாகத்தான் போவான். ஆனால் போதுமான காலம் கொடுத்தால் ஊரின் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிடுவான். ஒழுங்கின்மை கூடக் கூட அவன் வேகம் குறையும். ஒரே அடியாக அவன் நின்றுபோவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சராசரி எடுத்துப் பார்த்த எந்தக் கணக்கிலும் அவன் நிற்கவில்லை.

இந்த இடத்தில் பிலிப் ஆண்டர்ஸன் கதைக்குள் வருகிறார். 1923-ல் பிறந்தவர். தகப்பனார் இல்லினாய் சர்வகலாசாலையில் செடிகளின் நோய்களைப் பற்றிப் போதித்தவர். மகன் ஹார்வர்டில் வான் விளெக் என்ற பெரியவரிடம் படித்து, 1949-ல் நியூ ஜெர்ஸி மாநிலத்திலிருந்த பெல் ஆராய்ச்சிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காகிதமும் பென்ஸிலும் கொண்டு வேலை செய்கிறவர்களும், கருவிகளைக் கொண்டு வேலை செய்கிறவர்களும் ஒரே தாழ்வாரத்தில் நடமாடினார்கள். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அதே ஆராய்ச்சிச்சாலையில் ஜார்ஜ் பெஹர் என்பவர் சிலிகான் படிகத்தில் மிகச் சொற்பமாகப் பாஸ்பரஸைக் கலந்து, திரவ ஹீலியத்தின் குளிரில் வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். பாஸ்பரஸ் அணு ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரானைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த எலெக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். அதை ஒரு புறமாகத் திருப்பி விட்டால், அந்தத் திருப்பம் அடுத்த எலெக்ட்ரானுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று, அக்கிரகாரத்தில் வம்பு பரவுகிற மாதிரி, சீக்கிரமே எங்கும் பரவிவிட வேண்டும். அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

பரவவில்லை. நிமிஷக் கணக்கில், சில சமயம் மணிக் கணக்கில், திருப்பிய காந்தங்கள் திருப்பியபடியே இருந்தன.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சிலிகான் அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவானவை தாமும் மிகச் சிறிய காந்தங்கள். அவை படிகமெங்கும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பாஸ்பரஸுக்கும் வாய்த்த அக்கம்பக்கம் வேறு. அக்கம்பக்கம் வேறானபடியால் அதன் எலெக்ட்ரானின் சக்தியும் இம்மியளவு வேறு. ஒருவருக்கொருவர் பொருத்தமில்லாத அண்டை வீட்டுக்காரர்கள். வம்பைச் சொல்ல ஆள் இருந்தும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஆண்டர்ஸன் இதை ஒரு சுத்தமான கேள்வியாக மாற்றினார். அவருடைய மாதிரியை நம் ஊர்ப் பாஷையில் இப்படிச் சொல்லலாம். ஒரு தெரு. வீடுகள் சம இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் திண்ணைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். எந்த உயரம் என்பது முழுக்க முழுக்க அதிருஷ்டம். எலெக்ட்ரானுக்குத் திண்ணைக்குத் திண்ணை தாவும் சாமர்த்தியம் கொஞ்சம் உண்டு. ஆனால் இரண்டு திண்ணைகளும் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருந்தால்தான் தாவல் பூரணமாகக் கைகூடும். இப்போது அதை ஒரு திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, முடிவில்லாத காலம் காத்திருந்துவிட்டு வந்து பார்க்கிறோம். அது உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்குமா, ஓடிப் போயிருக்குமா?

பக்கத்துத் திண்ணை பொருந்தாவிட்டாலும் தூரத்தில் எங்கேயாவது ஒரு திண்ணை பொருந்தும். இடையிலுள்ள வீடுகளை மிதித்துக்கொண்டு அங்கே போய்விடலாமே என்று கேட்கலாம். வாஸ்தவம். தூரம் போகப் போகப் போவதற்கான வழிகளும் பெருகுகின்றன. ஆனால் பொருந்தாத திண்ணைகளை மிதிக்க மிதிக்க அலையின் வலுவும் குறைந்துகொண்டே வருகிறது. வழிகளின் பெருக்கமா, வலுவின் தேய்வா, எது ஜெயிக்கிறது? திண்ணை உயரங்களின் ஏற்றத்தாழ்வு, தாவும் சாமர்த்தியத்தைவிட ஓர் எல்லைக்கு மேல் மிஞ்சிவிட்டால் தேய்வுதான் ஜெயிக்கிறது என்று ஆண்டர்ஸன் கண்டார். எலெக்ட்ரான் ஓடிப்போவதில்லை. அதன் அலை, புறப்பட்ட இடத்தைச் சுற்றிக் குவிந்து, வெளியே போகப் போக மங்கி மறைந்துவிடுகிறது.

இத்தனை நாள் இது ஏன் மற்றவர்கள் கண்ணில் படவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு கிராமத்தில் 100 குடும்பங்கள். 99 குடும்பங்களில் ஆளுக்கு 1 ரூபாய்தான் இருக்கிறது. பண்ணையார் ஒருவர் வீட்டில் மட்டும் 9,901 ரூபாய். மொத்தம் 10,000, சராசரி 100 ரூபாய். இந்தக் கிராமத்தில் வீட்டுக்கு 100 ரூபாய் இருக்கிறது என்று எழுதி அனுப்புகிற அதிகாரி கணக்கில் பிசகு செய்யவில்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த 100 ரூபாய்க்காரனைப் பார்க்க முடியாது.

எலெக்ட்ரான் விஷயத்திலும் அதுவேதான். ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டு ஓடும் வேகத்தை எல்லா அணுக்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எப்போதும் ஏதோ ஒரு வேகம் வந்துவிடும். ஏனென்றால் எங்கேயோ அபூர்வமாக ஒரு ஜோடித் திண்ணை அச்சாகப் பொருந்தியிருக்கும். அந்தப் பண்ணையார் மொத்தக் கணக்கையும் தூக்கிவிடுவார். சராசரி, ‘ஓடுகிறது’ என்று சொல்லும். கையில் அகப்பட்ட ஏதாவது ஓர் அணுவைக் கேட்டால், ‘எங்கள் எலெக்ட்ரான் இங்கேயேதான் இருக்கிறது’ என்று சொல்லும். ஆண்டர்ஸன் சராசரி எடுக்க மறுத்து, எந்தெந்த வேகம் எவ்வளவு தூரம் சாத்தியம் என்று முழு விநியோகத்தையும் கணக்கிட்டார். பெரும்பாலும் நடக்கக்கூடியது எது என்று கேட்டார். அவர் கண்டுபிடிப்பின் உயிர்நிலை அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

1958 மார்ச்சில் ‘பிஸிகல் ரிவ்யூ’ பத்திரிகையில் அந்தக் கட்டுரை பதினான்கு பக்கங்களில் வெளிவந்தது. சில ஒழுங்கற்ற அடுக்குகளில் பரவுதல் இல்லாமை என்று அடக்கமான தலைப்பு. படிப்பதற்குக் கடினம். வந்த வேகத்தில் நூலகத்து அலமாரிக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் அதை நம்பினவர்களே சொற்பம், அதன் முக்கியத்துவத்தை உணர்ந்தவர்கள் அதைவிடச் சொற்பம், எழுதினவனுக்கே அது முழுக்க விளங்கவில்லை என்ற கருத்தில் பிற்காலத்தில் ஆண்டர்ஸனே பேசினார். புத்தகம் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் புரியும்.

ஒரு நல்ல வாசகர் கிடைத்தார் என்பதுதான் ஆண்டர்ஸனின் அதிருஷ்டம். நெவில் மாட் 1905-ல் பிறந்தவர். தாயும் தகப்பனும் இருவருமே கேம்பிரிட்ஜில் காவெண்டிஷ் ஆராய்ச்சிச்சாலையில் ஜே. ஜே. தாம்ஸன் காலத்தில் வேலை பார்த்தவர்கள். எலெக்ட்ரானைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை என்று சொல்லலாம். 1954-ல் அதே காவெண்டிஷின் தலைமைப் பேராசிரியரானார். 1961-ல் ட்வோஸ் என்பவரோடு சேர்ந்து, ஒற்றை வரிசையாக நிற்கும் அணுக்களில் ஒழுங்கின்மை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் எலெக்ட்ரான்கள் எல்லாமே கட்டுண்டு போகும் என்று வாதாடினார். ஓய்வு பெறும் வயசு நெருங்கும்போது மனிதர்கள் புதிய வேலையை எடுத்துக்கொள்வதில்லை. மாட் அறுபதாவது வயசை ஒட்டி ஒழுங்கற்ற பொருள்களை முழு மூச்சாக எடுத்துக்கொண்டார்.

அவர் கேட்ட கேள்வி குழந்தை கேட்கிற மாதிரியானது: கண்ணாடி ஏன் வெளிச்சத்தை விடுகிறது? ஒரு பொருள் தெளிவாக இருக்க வேண்டுமானால், அதிலுள்ள எலெக்ட்ரான்களுக்கு இடம் கொடுக்காத ஒரு சக்தி இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி படிக ஒழுங்கிலிருந்து பிறப்பது என்று பிளாக்கின் வழிவந்தவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில்தான் படிக ஒழுங்கே இல்லையே! பாடத்துக்குக் கீழ்ப்படியாமல் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் கண்ணாடி தெளிவாக நின்றுகொண்டிருந்தது.

மாட் ஆண்டர்ஸனின் கட்டுரையைத் திறவுகோலாகக் கொண்டார். ஒழுங்கற்ற பொருளில் எலெக்ட்ரான் நிலைகள் இரண்டு ஜாதி. சில, பொருள் முழுவதும் பரந்தவை. சில, ஓரிடத்தில் கட்டுண்டவை. இரண்டுக்கும் நடுவே சக்தியில் ஒரு கூரான எல்லை உண்டு. கட்டுண்ட பகுதியில் மாட்டிக்கொண்ட எலெக்ட்ரானால் பொருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரத்தைச் சுமந்து போக முடியாது.

குளிரில் அது எப்படியாவது நகர வேண்டுமானால் என்ன செய்யும் என்பதற்கு மாட் 1968-ல் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்களுக்கு அது உடனே விளங்கும். கையில் செல்வு இருந்தால் பக்கத்து வீட்டிலேயே, பொருத்தம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், சரிக்கட்டி முடித்துவிடலாம். கையில் இல்லாதபோது, சரிக்கட்டத் தேவையில்லாத பொருத்தமான இடத்தைத் தேடித் தூரத்து ஊர்களுக்கு அலைய வேண்டும். எலெக்ட்ரானுக்குச் செல்வு என்பது உஷ்ணம். குளிரக் குளிர அது பக்கத்து அணுவை விட்டுவிட்டு, தூரத்தில் தன் சக்திக்கு அநேகமாக ஒத்துப்போகிற அணுவைத் தேடித் தாவுகிறது. தாவல்கள் அபூர்வமாகின்றன. மின்தடை எப்படி ஏறவேண்டும் என்பதற்கு மாட் ஒரு கணக்குக் கொடுத்தார். பல பொருள்களில் அப்படியே ஏறியது.

இதே 1968-ல் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஓவ்ஷின்ஸ்கி என்பவர் படிகமில்லாத ஒருவகைக் கண்ணாடி, மின்சார அழுத்தத்தால் கடத்தாத நிலையிலிருந்து கடத்தும் நிலைக்கு நொடிக்குள் மாறுவதை அறிவித்தார். லேத் பட்டறையில் வேலை கற்றவர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். சில பெரிய இடங்களில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் பிறகு அழித்து அழித்து எழுதக்கூடிய ஸி.டி., டி.வி.டி. தட்டுகள் அந்த ஜாதிப் பொருள்களைக் கொண்டே செய்யப்பட்டன. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் வால்டர் ஸ்பியரும் பீட்டர் லெகோம்பரும் ஒழுங்கற்ற சிலிகானையும் வேண்டியபடி பக்குவப்படுத்தலாம் என்று காட்டினார்கள். வெயிலில் வேலை செய்யும் சின்னக் கணக்குப் பொறிகளின் நெற்றியிலிருந்த கறுப்புப் பட்டையும், தட்டையான டெலிவிஷன் திரைகளின் பின்னால் புள்ளி புள்ளியாக வேலை செய்யும் டிரான்ஸிஸ்டர்களும் அந்த வழியில் வந்தவை.

சராசரிக் கட்சிக்காரர்கள் இதற்குள் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1967-ல் பால் ஸோவன் என்பவரும் டி. டபிள்யூ. டெய்லர் என்பவரும் தனித்தனியாக நோர்ட்ஹைமின் கற்பனை அணுவைவிட நுட்பமான ஒரு வழியைக் கண்டார்கள். ஓர் உத்தேசச் சூழலைக் கற்பனை செய்துகொள்வது. அதில் நிஜமான ஒரே ஓர் அணுவைச் செருகுவது. செம்பைச் செருகினாலும் துத்தநாகத்தைச் செருகினாலும், சேர்த்துப் பார்த்தால், அலை சிதறக் கூடாது. அப்படிப்பட்ட சூழல் கிடைக்கும்வரை கணக்கைத் திருத்திக்கொண்டே போவது. கலப்பு உலோகங்களில் எந்தச் சக்தியில் எத்தனை எலெக்ட்ரான் நிலைகள் இருக்கின்றன என்பது போன்ற கேள்விகளுக்கு இந்த முறை மிக நல்ல பதில்களைத் தந்தது. பிற்காலத்திலும் தொடர்ந்து கையாளப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் எலெக்ட்ரான் நின்றுபோகிறதா என்று அதைக் கேட்டால் அது விழிக்கும். சராசரிச் சூழலில் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள்; நிற்பதற்கு யாருக்கும் தனிக் காரணம் இருப்பதில்லை.

எதிர்க் கட்சியிலும் ஒரு முறை வந்தது. 1972-ல் கேம்பிரிட்ஜில் ரோஜர் ஹேடாக், வோல்கர் ஹைனே, மைக்கேல் கெல்லி மூவரும் படிக ஒழுங்கை முற்றிலும் மறந்துவிட்டு, ஓர் அணுவிலிருந்து புறப்பட்டார்கள். முதலில் அது, பிறகு அதன் அண்டை வீட்டுக்காரர்கள், பிறகு அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாக வெளியே போய், அந்த அணு தன் இடத்திலிருந்து உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று கணக்கிட்டார்கள். நாவலாசிரியன் ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிற முறை இது.

1977-ல் நோபல் பரிசு ஆண்டர்ஸனுக்கும் மாட்டுக்கும், ஆண்டர்ஸனின் ஆசிரியரான வான் விளெக்குக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. மாட்டுக்கு அப்போது வயசு 72. அந்த விழாச் சொற்பொழிவில் ஆண்டர்ஸன் ஒரு விஷயத்தை வற்புறுத்தினார்: நிஜமான அணு எதுவும் சராசரி அணு அல்ல, பரிசோதனை செய்கிறவனும் கையிலுள்ள துண்டைத்தான் அளக்கிறான், சராசரித் துண்டை அல்ல. இது அவர் பேச்சின் சாரம். பௌதிகத்தைவிட எனக்குப் பழக்கமான ஒரு தொழிலின் குரலை அதில் கேட்டேன்.

கதை பரிசோடு முடியவில்லை. ஆண்டர்ஸனின் மாதிரியில் எங்கே, எப்போது எலெக்ட்ரான் கட்டுண்டு போகும் என்பது தீராமலே இருந்தது. டேவிட் தவ்லெஸ் என்ற ஆங்கிலேயர் 1970-களில் ஒரு நல்ல யுக்தி சொன்னார். ஒரு கட்டியின் ஓரத்தைச் சற்றே மாற்றிப் பாருங்கள். எலெக்ட்ரான் கட்டி முழுவதும் பரந்திருந்தால் ஓரத்து மாற்றம் அதற்கு உறைக்கும். நடுவில் கட்டுண்டு கிடந்தால் கொல்லைப்புறச் சுவர் இடிந்ததுகூட அதற்குத் தெரியாது.

இதிலிருந்து 1979-ல் நான்கு பேர் ஓர் அடி முன்னால் வைத்தார்கள்: எலிஹு ஏப்ரஹாம்ஸ், ஆண்டர்ஸன், டொனால்ட் லிச்சியார்டெல்லோ, டி. வி. ராமகிருஷ்ணன். கடைசியாகச் சொன்னவர் 1941-ல் சென்னையில் பிறந்து, காசி ஹிந்து சர்வகலாசாலையில் படித்து, அமெரிக்காவில் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் பெற்று, கான்பூர் ஐ.ஐ.டி.யில் போதித்துவந்தவர், அந்தச் சமயம் பிரின்ஸ்டனுக்கு வந்திருந்தார். நால்வர் கூட்டம் என்று சகாக்கள் இவர்களுக்கு வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி: ஒரு துண்டை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் மின்சாரம் ஓடுகிற வசதி என்ன ஆகிறது? பள்ளிக்கூடத்துப் பௌதிகமே முதல் பதிலைத் தரும். கம்பியின் நீளத்தை இரட்டித்தால் வசதி பாதியாகும். கனச்சதுரக் கட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டித்தால் வசதி இரண்டு மடங்காகும். தகட்டை நீளத்திலும் அகலத்திலும் இரட்டித்தால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. தராசு முள் நடுவில் நிற்கிறது. ஒரு குன்றிமணி விழுந்தாலும் சாய்ந்துவிடும்.

அந்தக் குன்றிமணி எலெக்ட்ரானின் அலைத்தன்மையில் இருக்கிறது. கோயில் வாசலிலிருந்து இரண்டு பேர் புறப்படுகிறார்கள். ஒருவர் பிரதட்சிணமாகவும் மற்றவர் அப்பிரதட்சிணமாகவும் அதே பிராகாரத்தைச் சுற்றுகிறார்கள். வழி ஒன்றே, ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் வாசலுக்குத் திரும்புகிறார்கள். ஒழுங்கற்ற பொருளுக்குள் எலெக்ட்ரானின் அலையும் ஒவ்வொரு சுற்று வழியிலும் இரண்டு பக்கமாகப் போய், புறப்பட்ட இடத்தில் ஒன்றையொன்று சந்தித்து வலுப்பெறுகிறது. ஆகையால் அது வீடு திரும்பும் சாத்தியம், கள்ளுக்கடைக்காரன் கணக்கு சொல்வதைவிட அதிகம். சராசரி எடுத்த கணக்குகள் வழியின் ஞாபகத்தை அழித்துவிடுவதால் இந்தச் சந்திப்பு அவற்றில் அகப்படவில்லை. தகட்டில் இந்தச் சிறு வித்தியாசமே தராசைச் சாய்க்கப் போதும். ஒழுங்கின்மை எவ்வளவு அற்பமாக இருந்தாலும், போதுமான அளவு பெரிய தகடு, பூஜ்யக் குளிரில், மின்சாரத்தைக் கடத்தாது என்று நால்வரும் முடிவு கட்டினார்கள். அதே வருஷம் பெல் ஆராய்ச்சிச்சாலையில் ஜெரால்ட் டோலனும் டக்ளஸ் ஓஷெராஃபும் மிக மெல்லிய உலோகப் படலங்களைக் குளிர வைத்தார்கள். குளிரக் குளிர மின்தடை, எதிர்பார்த்தபடி, மெல்ல மெல்ல ஏறியது.

இதெல்லாம் ஓர் எலெக்ட்ரான் மற்ற எலெக்ட்ரான்களைச் சட்டைசெய்யாமல் இருந்தால்தான். அவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதையும் சேர்த்துக்கொண்டால் தகட்டின் கதையே மாறக்கூடும் என்று 1990-களில் சில சிலிகான் பரிசோதனைகள் சந்தேகத்தைக் கிளப்பின. தனி மனிதன் கதையைவிடக் கூட்டுக் குடும்பத்தின் கதை எப்போதும் சிக்கலானதுதான்.

எலெக்ட்ரான் நிற்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மின்தடையை அளந்து ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் அலையாக இருக்கும் எதற்கும் இதே விதி உண்டு. 2008-ல், ஆண்டர்ஸனின் கட்டுரை வெளிவந்து சரியாக 50 வருஷம் கழித்து, பாரிஸுக்கு அருகிலுள்ள பலேஸோவிலும் இத்தாலியின் பிளாரென்ஸிலும் இரண்டு கோஷ்டியார் இதை முழு அணுக்களைக் கொண்டே செய்து காட்டினார்கள். பூஜ்யத்துக்கு மிக அருகே குளிரவைத்த அணுக்கூட்டத்தை லேஸர் வெளிச்சத்தால் அமைத்த மேடு பள்ளங்களின் நடுவே அவிழ்த்துவிட்டார்கள். பலேஸோவில் ருபிடியம் அணுக்கள் சிறிது பரந்தன, பிறகு நின்றுவிட்டன. நடுவில் அடர்ந்து, ஓரங்களில் மங்கி மறைகிற அந்த உருவம் போட்டோவில் விழுந்தது. 1958-ல் காகிதத்தில் எழுதிய உருவம். ஆண்டர்ஸன் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 2020 மார்ச்சில், 96-ஆம் வயசில், பிரின்ஸ்டனில் காலமானார்.

சராசரி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுகிறவருக்குச் சராசரி இல்லாமல் முடியாது. பித்தளையின் குணங்களைக் கணக்கிடுகிறவருக்கும் அப்படியே. எல்லாருடையதையும் கூட்டி ஒரு மொத்தத்தைக் கேட்கிற கேள்விக்குச் சராசரி நேர்மையான பதிலைத் தரும். ஒருவன் புறப்பட்டுப் போனானா, போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டானா என்கிற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. அதற்கு அவன் வீட்டுத் திண்ணைக்கே போய், அண்டை அயல் எப்படி, திண்ணை எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். கணக்குச் சாஸ்திரத்தில் ஒருவர் அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பதினான்கு பக்கங்களின்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.